கொதி வராத 26 லிட்டர்: அடுக்குமாடிச் சமையலறையில் பீர் காய்ச்சிய ஒரு நிகழ்வு ஆய்வு

வெப்பமானி 96 டிகிரியில் நின்றுவிட்டது. அடுப்பு முழுத் தீயில் எரிகிறது. அண்டாவின் ஓரத்தில் ஊசிமுனை அளவில் குமிழிகள் ஏறுகின்றன, நடுவில் மேற்பரப்பு லேசாக நெளிகிறது. ஆனால் கொதி வரவில்லை. 10 நிமிடம் கழித்துப் பார்த்தோம், 96. இன்னும் 20 நிமிடம் கழித்தும் அதே 96. பிற்பகல் 2 மணிக்குப் பற்றவைத்த அடுப்பு அது. இப்போது மணி 4.30.

நானும் நண்பனும் முதல்முறையாக முழு அளவில் பீர் காய்ச்சிய நாள் அது. அதற்கு முன் 5 லிட்டர், 8 லிட்டர் என்று சின்னப் பாத்திரத்தில் பலமுறை காய்ச்சியிருந்தோம், எல்லாமே நன்றாக வந்தன. 5 லிட்டர் காய்ச்சினாலும் 20 லிட்டர் காய்ச்சினாலும் ஒரு நாள் முழுக்கப் போகிறது, அப்படியென்றால் ஒரேயடியாக 20 லிட்டரே காய்ச்சிவிடலாம் என்று முடிவு செய்தோம். செய்முறை அதேதான், அளவு மட்டும்தான் கூடுகிறது என்று நினைத்தோம். அந்த நினைப்பு எங்கே தவறியது, அதை எப்படிக் கண்டுபிடித்தோம், அதே அடுப்பில் அப்புறம் எப்படிச் சரியாகக் காய்ச்சினோம் என்பதை அளவுகளோடு எழுதி வைக்கிறேன். அடுக்குமாடி வீட்டில் மொட்டைமாடியோ கொல்லைப்புறமோ இல்லாமல் சமையலறை அடுப்பை மட்டும் நம்பிக் காய்ச்சுகிறவர்களுக்கு இது பயன்படும்.

ஒன்றை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். வீட்டில் பீர் காய்ச்சுவதைச் சில நாடுகள் அனுமதிக்கின்றன, சில நாடுகளில் அது குற்றம். இருக்கும் இடத்தின் சட்டத்தைப் பார்த்துவிட்டுத்தான் இதில் இறங்க வேண்டும்.

அன்று நடந்தது

முளைகட்டி உலர்த்திய பார்லியை, அதாவது மால்ட்டை, வெந்நீரில் ஊறவைத்து வடித்தால் கிடைக்கும் இனிப்பு நீருக்கு வோர்ட் என்று பெயர். அன்று 26 லிட்டர் வோர்ட் கிடைத்தது. சூடு 65 டிகிரி, ஹைட்ரோமீட்டரில் அடர்த்தி 1.042 (வெறும் தண்ணீர் என்றால் 1.000). ஒரு மணிநேரம் நன்றாகக் கொதிக்கவிட்டு, 4 லிட்டர் ஆவியாகி, 22 லிட்டரில் அடர்த்தி 1.050 வரவேண்டும் என்பது கணக்கு. அண்டா 36 செ.மீ. அகலம், 36 செ.மீ. உயரம், மெல்லிய ஸ்டெயின்லெஸ் ஸ்டீல். அடுப்பு சாதாரண கேஸ் அடுப்பு. அதன் பெரிய பர்னர் 3 கிலோவாட், நடுத்தர பர்னர் 1.75 கிலோவாட் என்று கையேட்டில் போட்டிருந்தது.

பெரிய பர்னரில் வைத்து, மூடாமல் கொதிக்கவைத்தோம். மூடக்கூடாது என்று படித்திருந்தோம். 80 டிகிரி வரை ஏதோ ஏறியது. அதற்குமேல் ஒவ்வொரு டிகிரிக்கும் காத்திருக்க வேண்டியிருந்தது. 96-ல் அரைமணிநேரம் நின்றதும் பொறுமை போய் மூடியைப் போட்டோம்.

அடுத்த 8 நிமிடத்தில் மூடி தானாக எழும்பியது. கீழிருந்து வெளிர்பழுப்பு நிற நுரை பிதுங்கி, அண்டாவின் பக்கத்தில் இறங்கி, பர்னரை மூழ்கடித்துத் தீயை அணைத்துவிட்டது. அரை லிட்டராவது போயிருக்கும். ஆபத்து அதோடு நிற்கவில்லை. தீ அணைந்தும் வாயு வந்துகொண்டிருந்தது. நாங்கள் துணி எடுத்துத் துடைப்பதில் மும்முரமாக இருந்தோம், வாடை மூக்கில் ஏறிய பிறகுதான் குமிழைத் திருகி மூடினோம். தீ அணைந்தால் தானாக வாயுவை நிறுத்தும் வால்வு எங்கள் அடுப்பில் இல்லை. பொங்கி வழிந்தால் முதல் வேலை குமிழை மூடுவது, துடைப்பது அப்புறம் என்று அன்றிலிருந்து விதி வைத்திருக்கிறோம்.

ஜன்னலைத் திறந்து, காற்று மாறும்வரை காத்திருந்து, மறுபடி பற்றவைத்தோம். மூடியை எடுத்தால் கொதி அடங்கிவிடுகிறது, போட்டால் பொங்குகிறது. ஆகவே முக்கால்வாசி மூடியபடி ஒரு மணிநேரம் ஓட்டினோம். அந்த நேரத்தில்தான் நண்பன் மேலே காட்டினான்.

“மச்சான், சீலிங்கைப் பாருடா. தண்ணி நிக்குது.”

கூரையில் வரிசையாக நீர்த்துளிகள் தொங்கின. அலமாரிக் கீல்களின் திருகுத் தலைகளில்கூட ஒவ்வொரு துளி. சுவர் ஓடுகளில் கோடு கோடாக இறங்கிக்கொண்டிருந்தது. அடுப்புக்கு மேலிருந்த அலமாரியின் அடிப்பலகையில் ஒட்டியிருந்த லாமினேட் பட்டை ஒரு விரல் நீளத்துக்குப் பிரிந்து, உள்ளே மரத்தூள் பலகை ரொட்டி போல உப்பியிருந்தது.

கடைசியாகக் குளிரவைக்க வேண்டும். சிங்க்கில் அண்டா நுழையவில்லை. இரண்டு பேரும் ஆளுக்கொரு கைப்பிடியைப் பிடித்து, ஏறக்குறைய 27 கிலோ எடையை, கொதிநீர் தளும்பத் தளும்பக் குளியலறை வரை தூக்கிப் போனோம். வாசற்படியில் ஒருமுறை தளும்பித் தரையில் சிந்தியது, காலில் படவில்லை. தொட்டியில் குழாய்த் தண்ணீரை நிரப்பி, மூடியோடு இறக்கிவைத்தோம். 25 டிகிரிக்கு இறங்க 5 மணிநேரம் ஆனது.

அளந்து பார்த்தால் 21.7 லிட்டர், அடர்த்தி 1.049. கிட்டத்தட்ட திட்டமிட்டபடியே வந்திருந்தது. வழியில் என்ன தடங்கல் வந்தாலும் வேலை சரியாக முடிந்தது என்றே அன்று இரவு நம்பினோம். அந்த இரண்டு எண்கள்தான் எங்களை ஏமாற்றின.

பாட்டிலைத் திறந்தபோது

நொதித்து, பாட்டிலில் அடைத்து, மூன்று வாரம் கழித்துத் திறந்தோம். கசப்பு ஓரளவு சரி. ஆனால் மூக்கருகே கொண்டுபோனதும் வேகவைத்த சோளத்தின் வாடை. குடித்தாலும் அதுவே முன்னால் நின்றது. கண்ணாடி டம்ளரில் பார்த்தால் தெளிவும் இல்லை, லேசான பால் கலங்கல். 5 லிட்டர் காய்ச்சிய நாட்களில் இந்த இரண்டும் எங்களுக்கு வந்ததே இல்லை.

வோர்ட்டைக் கொதிக்கவைப்பது ஒரே வேலைக்காக அல்ல. கிருமிகள் சாகின்றன, மால்ட்டின் நொதிகள் நிற்கின்றன. பீருக்குக் கசப்பும் மணமும் தரும் பூவான ஹாப்ஸில் உள்ள ஆல்ஃபா அமிலங்கள் வடிவம் மாறி, நீரில் கரையும் கசப்பாகின்றன. புரதம் திரிந்து கொத்துக் கொத்தாக அடியில் படிகிறது. அப்புறம், டைமெத்தில் சல்ஃபைடு ஆவியோடு வெளியேறுகிறது. சோளவாடை இந்தக் கடைசிப் பொருளுடையது.

இதில் ஒவ்வொன்றுக்கும் வேண்டியது வேறு என்பதை நான் அப்போது கவனிக்கவில்லை. கசப்புக்கு வேண்டியது சூடும் நேரமும். 96, 97 டிகிரியிலும் அது நடக்கும், கொஞ்சம் மெதுவாக, அவ்வளவுதான். தளதளவென்று கொதிக்க வேண்டும் என்ற கட்டாயம் அதற்கு இல்லை. எங்கள் பீரில் கசப்பு தப்பித்தது அதனால்தான். புரதம் திரள்வதற்கு மட்டும் திரவம் புரண்டு புரண்டு கொதிக்க வேண்டும், மோதினால்தான் கொத்து பெரிதாகும். கலங்கலுக்குக் காரணம் இந்தப் புரளல் இல்லாததுதான்.

சோளவாடையின் கதை கொஞ்சம் நீளம். மால்ட்டில் எஸ்-மெத்தில் மெத்தியோனின் என்ற பொருள் இருக்கிறது. சூட்டில் அது உடைந்து டைமெத்தில் சல்ஃபைடு ஆகிறது. கொதிநிலையில் ஏறத்தாழ 40 நிமிடத்துக்கு ஒருமுறை பாதி உடையும் என்று கொள்ளலாம். உடைந்து வரும் டைமெத்தில் சல்ஃபைடு 37, 38 டிகிரியிலேயே ஆவியாகக்கூடியது, வழிவிட்டால் தானே போய்விடும். நாங்கள் வழிவிடவில்லை. முக்கால்வாசி மூடியிருந்த மூடியின் அடியில் ஆவி குளிர்ந்து, துளியாகி, அண்டாவுக்குள்ளேயே சொட்டியது. அதன்பிறகு 5 மணிநேரம் முழுக்க மூடிய அண்டாவில் சூடு மெல்ல இறங்கியபோது, மிச்சமிருந்த மூலப்பொருள் உடைந்துகொண்டே இருந்தது, உண்டானது அத்தனையும் உள்ளேயே தங்கியது. போதாததற்கு நாங்கள் எடுத்தது பில்ஸ்னர் மால்ட். குறைந்த சூட்டில் உலர்த்திய வெளிர் மால்ட் என்பதால் அதில் இந்த மூலப்பொருள் அதிகம். கருத்த மால்ட்டில் காய்ச்சியிருந்தால் இவ்வளவு தெரிந்திருக்காது. 5 லிட்டர் காய்ச்சும்போது திறந்த பாத்திரம் வெறியாகக் கொதித்தது, பத்து, பதினைந்து நிமிடத்தில் குளிர்ந்தும்விட்டது. ஆகவே பிழை எங்கள் கண்ணில் படவே இல்லை.

மூடியும் மெதுவான குளிர்ச்சியும்தான் முதல் குற்றவாளிகள் என்று நினைக்கிறேன். ஆனால் மூடியைப் போடவைத்தது கொதி வராத அடுப்பு. குளிர்ச்சியை இழுத்தடித்தது ஒரே அண்டாவில் அடைத்த அளவு. எப்படிச் சுற்றினாலும் 26 லிட்டர் என்ற எண்ணில்தான் வந்து நிற்கிறது.

அடுப்புக்குள் எவ்வளவு, அண்டாவுக்குள் எவ்வளவு

அடுத்த வார இறுதியில் வெறும் தண்ணீரை வைத்து இரண்டு சோதனை செய்தோம். முதல் சோதனையில் 10 லிட்டர் தண்ணீரை மூடியோடு பெரிய பர்னரில் வைத்து, 30 டிகிரியிலிருந்து 60-க்கு எவ்வளவு நேரம் ஆகிறது என்று பார்த்தோம். பதினைந்தரை நிமிடம். ஒரு லிட்டர் தண்ணீர் ஒரு டிகிரி ஏற 4.19 கிலோஜூல் வேண்டும், ஆக 10 லிட்டருக்கு 30 டிகிரி என்றால் 1,257 கிலோஜூல். நொடிக்கணக்கில் வகுத்தால் 1.35 கிலோவாட். கையேட்டில் இருந்த 3 கிலோவாட்டில் பாதிக்கும் குறைவுதான் பாத்திரத்துக்குள் போகிறது. மீதி அண்டாவின் பக்கவாட்டில் ஏறி நம் முகத்தில் அடிக்கிறது. அடுப்பில் கோளாறு எதுவும் இல்லை, கேஸ் அடுப்புகள் பொதுவாக இப்படித்தான். இதே முறையில் நடுத்தர பர்னர் 0.8 கிலோவாட் கொடுத்தது.

இரண்டாவது சோதனையில் 26 லிட்டர் தண்ணீரை 95 டிகிரிக்குக் கொண்டுவந்து, அடுப்பை அணைத்து, சூடு எவ்வளவு வேகத்தில் இறங்குகிறது என்று பார்த்தோம். மூடியில்லாமல் 5 நிமிடத்தில் மூன்றரை டிகிரி. மறுபடி சூடாக்கி மூடியோடு பார்த்தால் 5 நிமிடத்தில் ஒரு டிகிரிதான். கணக்குப் போட்டால் திறந்த அண்டா 1.3 கிலோவாட்டை இழக்கிறது, மூடிய அண்டா 0.4 கிலோவாட்டுக்கும் குறைவாக இழக்கிறது.

96-ல் வெப்பமானி நின்றதன் ரகசியம் இந்த இரண்டு எண்களில் இருக்கிறது. உள்ளே போவது 1.35, வெளியே போவது 1.3. வரவும் செலவும் சமமான இடத்தில் சூடு நின்றுவிடும். இன்னும் மூன்று மணிநேரம் காத்திருந்தாலும் அந்த அண்டா கொதித்திருக்காது.

நாங்கள் கேட்டதோ இன்னும் அதிகம். 100 டிகிரியில் இருக்கும் ஒரு கிலோ தண்ணீரை ஆவியாக்க 2,257 கிலோஜூல் வேண்டும். மணிக்கு 4 லிட்டர் ஆவியாக வேண்டும் என்றால் அதற்கே 2.5 கிலோவாட் போய்விடும், பக்கவாட்டு இழப்பையும் சேர்த்தால் 2.9. எங்களிடம் இருந்தது அதில் பாதிகூட இல்லை.

அப்படியானால் அடர்த்தி எப்படி 1.049 வந்தது? கொதிக்காமலேயே தண்ணீர் வற்றியிருக்கிறது. இரண்டரை மணிநேரம் திறந்து கிடந்த சூடான பரப்பிலிருந்து கிட்டத்தட்ட 3 லிட்டர் ஆவியாகியிருக்கிறது. வற்றுவது வேறு, கொதிப்பது வேறு. ஹைட்ரோமீட்டர் வற்றியதை மட்டும்தான் சொல்லும்.

இரண்டு பர்னரையும் ஒரே அண்டாவுக்குக் கீழே

1.35-ம் 0.8-ம் சேர்ந்தால் 2.15. ஒரே அண்டாவை இரண்டு பர்னருக்கும் குறுக்கே வைத்தால் என்ன என்ற யோசனை யாருக்கும் வரும். எங்களுக்கும் வந்தது. தண்ணீரை வைத்து முயன்றோம்.

கொதி வந்தது. ஆனால் அகலமான அடிப்பாகம் இரண்டு பர்னரையும் மூடிக்கொண்டது. நீலமாக இருக்க வேண்டிய தீயின் நுனி மஞ்சளாகி, ஓரத்தில் நாக்கு நீட்டியது. திருகுக் குமிழ்கள் கைவைக்க முடியாத அளவுக்குச் சூடேறின. 40-வது நிமிடத்தில் சுவரில் மாட்டியிருந்த கார்பன் மோனாக்ஸைடு எச்சரிக்கைக் கருவி கத்த ஆரம்பித்தது. அடுப்பை அணைத்து, எல்லா ஜன்னலையும் திறந்து, வெளியே போய் நின்றோம்.

தீக்குக் காற்று போகும் வழியையும் எரிந்த வாயு வெளியேறும் வழியையும் அகன்ற அண்டா அடைத்துவிடுகிறது. தீயும் குளிர்ந்த உலோகத்தில் போய் முட்டுகிறது. எரிதல் அரைகுறையாகி கார்பன் மோனாக்ஸைடு உண்டாகிறது. அதற்கு நிறமும் இல்லை, வாடையும் இல்லை. அந்தக் கருவி இல்லாமல் இருந்திருந்தால் இன்னும் ஒரு மணிநேரம் அங்கேயே நின்றிருப்போம், அதை நினைத்தால் இன்றும் உடம்பு நடுங்குகிறது. கேஸ் அடுப்பில் பெரிய அளவு காய்ச்சுகிறவர்கள் வேறு எதை வாங்காவிட்டாலும் இந்தக் கருவியை வாங்கி மாட்டுங்கள். குறுக்கே அண்டா வைக்கும் முறையை நான் யாருக்கும் சொல்லமாட்டேன்.

கண்ணாடிப் பரப்புள்ள மின் அடுப்பில் வேறு பிரச்சினை. 26 லிட்டரும் அண்டாவும் சேர்ந்து 31, 32 கிலோ வரும். அந்தப் பரப்பு எவ்வளவு எடை தாங்கும், அண்டா எவ்வளவு அகலம் வரை இருக்கலாம் என்பதைக் கையேட்டில் பார்க்காமல் வைக்கக்கூடாது. வெப்பவட்டத்தைத் தாண்டி நீளும் அண்டா சூட்டை அடியில் சிறைப்படுத்திக் கண்ணாடியை வெடிக்கவைக்கலாம். இண்டக்ஷனில் நல்லது ஒன்று உண்டு. மின்சாரத்தில் 85 சதவீதம் போல அண்டாவுக்குள் போய்ச் சேரும், தீ இல்லாததால் அண்டாவைச் சுற்றிச் சூடு தாங்கும் உறையைப் போர்த்தலாம். கேஸ் அடுப்பில் போர்த்துவது தீயை அழைப்பதற்குச் சமம்.

நீருக்குள் முக்கும் மின் ஹீட்டரைச் சேர்த்துக்கொள்கிறவர்களும் இருக்கிறார்கள். கணக்குப்படி அது நல்ல வழிதான். ஆனால் மின்கசிவைக் கண்டு துண்டிக்கும் கருவி பொருத்திய இணைப்பில்தான் அதை ஓட்ட வேண்டும். கம்பியின் பரப்பளவுக்குக் குறைவான சூட்டை வெளிவிடும் வகை இல்லையென்றால் வோர்ட் அதில் தீய்ந்து ஒட்டிக்கொள்ளும். நாங்கள் அந்தப் பக்கம் போகவில்லை.

பிரித்துக் காய்ச்சியது

கடைசியில் வழி மிக எளிமையாக இருந்தது. ஒரு அண்டாவுக்குப் பதில் இரண்டு பாத்திரம். ஆனால் சரிபாதியாகப் பிரிக்கக்கூடாது. முதலில் பாதி பாதியாகத்தான் தண்ணீரை ஊற்றிப் பார்த்தோம். பெரிய பர்னரில் இருந்தது பொங்கியது, சின்னதில் இருந்தது தூங்கியது. பர்னர்களின் பலம் 1.35-க்கு 0.8. 22 லிட்டரை அந்த விகிதத்தில் பிரித்தால் 14-ம் 8-ம். அப்படிப் பிரித்ததும் இரண்டும் ஏறக்குறைய ஒரே நேரத்தில் கொதிக்கு வந்தன.

26 என்ற அளவையும் 22-ஆகக் குறைத்தோம். ஒரு மணிநேரத்தில் பெரிய பாத்திரத்தில் 1.8 லிட்டர், சின்னதில் ஒரு லிட்டர் ஆவியானது. தொடக்கத்தில் 22 லிட்டர், அடர்த்தி 1.043. முடிவில் 19.2 லிட்டர், அடர்த்தி 1.049. மணிக்கு 13 சதவீதம் வற்றுகிறது, வீட்டளவில் இது தாராளம்.

ஹாப்ஸையும் அதே விகிதத்தில் பிரித்துப் போட வேண்டும். எல்லாவற்றையும் ஒரே பாத்திரத்தில் கொட்டினால் கசப்பு முழுதாக இறங்காது. இதை நண்பன்தான் முதலில் கவனித்தான். ஒவ்வொரு வேளைக்குமான ஹாப்ஸை முன்கூட்டியே நிறுத்து, இரண்டிரண்டு கிண்ணமாக வரிசைப்படுத்தி வைத்துக்கொள்கிறோம். கொதிக்கும் நேரத்தில் தராசைத் தேடினால் பாத்திரம் பொங்கிவிடும்.

பொங்குவதைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகவே சொல்ல வேண்டும், சமையலறையில் அதிகம் காயம் உண்டாக்குவது அதுதான். ஆபத்தான தருணங்கள் இரண்டு. கொதி முதன்முதலாக வரும்போது புரதநுரை மெத்தை போல ஒரேயடியாக எழும்பும். ஹாப்ஸ் தூளைப் போடும்போது அதன் துகள்கள் ஒவ்வொன்றையும் பற்றிக்கொண்டு குமிழிகள் பிறக்கும், அடங்கிக் கிடந்தது சட்டென்று சீறும். சூடேற்றும்போது மூடி போடலாம், போடவும் வேண்டும், ஆனால் 93, 94 டிகிரியில் எடுத்துவிட வேண்டும். அந்த நேரத்தில் தீயைக் குறைத்து, மேலே திரளும் நுரையைக் கரண்டியால் அள்ளிப் போட்டால் பாதி ஆபத்து நீங்கும். பக்கத்தில் குளிர்ந்த தண்ணீர் நிரப்பிய தெளிப்பான் பாட்டில் இருக்கட்டும். நுரைமேல் நாலு தெளிப்புத் தெளித்தால் அமுங்கிவிடும். எரிவதைப் பிடுங்கினால் கொதிப்பது அடங்கும் என்பார்கள். கேஸ் அடுப்பில் அது அப்படியே நடக்கும், மின் அடுப்பில் நடக்காது. அணைத்த பிறகும் தட்டு கனன்றுகொண்டிருக்கும், நுரை ஏறிக்கொண்டே இருக்கும். அங்கே தெளிப்பானும், பாத்திரத்தில் கால்பங்காவது காலி இடமும்தான் கைகொடுக்கும்.

குளிரவைப்பதும் சுலபமாகிவிட்டது. 12 லிட்டர் வோர்ட் மிஞ்சும் பெரிய பாத்திரமே சிங்க்கில் நுழைகிறது. ஐஸ் தண்ணீரில் நிறுத்தி, இரண்டு முறை தண்ணீரை மாற்றி, சுத்தப்படுத்திய கரண்டியால் மெதுவாகக் கலக்கிக்கொண்டே இருந்தால் 40 நிமிடத்தில் 25 டிகிரி. முதல் 20 நிமிடம் மூடுவதில்லை, ஆவியோடு போக வேண்டியது போகட்டும் என்று விடுகிறோம். சூடு 70-க்குக் கீழே வந்ததும் தூசும் கிருமியும் விழாமல் மூடிவிடுகிறோம்.

தண்ணீரைக் குறைத்துக் காய்ச்சுவது

ஒரே பாத்திரம்தான் இருக்கிறது என்பவர்களுக்கு இன்னொரு வழி உண்டு. கருத்த பீருக்கு நாங்களே இப்போது இதைத்தான் செய்கிறோம். 14 லிட்டர் கெட்டியான வோர்ட், அடர்த்தி 1.066. அதைக் கொதிக்கவைத்து 12 லிட்டருக்கு வற்றவிட்டால் 1.077. குளிர்ந்த பிறகு 7 லிட்டர் தண்ணீர் சேர்த்தால் 19 லிட்டர், 1.049. சேர்க்கும் தண்ணீரை முந்தைய நாளே கொதிக்கவைத்து, மூடி, குளிர்சாதனப் பெட்டியில் வைத்துவிடுகிறோம். 12 லிட்டர் வோர்ட்டை 30 டிகிரிக்கு இறக்கி, 4 டிகிரித் தண்ணீர் 7 லிட்டர் சேர்த்தால் கலவை 20 டிகிரிக்கு வந்து நிற்கும், ஈஸ்ட் போடலாம்.

கெட்டியான வோர்ட்டில் ஹாப்ஸின் கசப்பு குறைவாக இறங்கும். வீட்டில் காய்ச்சுகிறவர்கள் பரவலாகப் பயன்படுத்தும் கிளென் டின்செத்தின் சூத்திரப்படி, ஒரு மணிநேரக் கொதியில், 1.046 அடர்த்தியில் ஆல்ஃபா அமிலத்தில் 24 சதவீதம் கசப்பாக மாறும். 1.072-ல் அது 19 சதவீதம். ஆக, ஹாப்ஸை நான்கில் ஒரு பங்கு கூட்டிப் போட வேண்டும். நிறமும் கொஞ்சம் கருக்கும், சர்க்கரையும் அமினோ அமிலமும் நெருக்கமாகக் கொதிப்பதால். வெளிர் பீருக்கு இது ஒத்துவராது என்பது என் அபிப்பிராயம். கருத்த பீரில் யாருக்கும் தெரியாது.

ஆவி போகும் இடம்

முதல் நாளில் உப்பிய அலமாரிக்கும் ஒரு கணக்கு இருக்கிறது. 25 டிகிரியில் ஒரு கன மீட்டர் காற்று 23 கிராம் நீராவிக்கு மேல் தாங்காது. எங்கள் சமையலறையின் கொள்ளளவு 21 கன மீட்டர். முற்றிலும் உலர்ந்த காற்றாக இருந்தாலும் அரை லிட்டர் தண்ணீர்தான் அதில் அடங்கும். நாங்கள் அதில் மூன்றரை லிட்டருக்கு மேல் விட்டோம், அதுவும் ஜன்னலைச் சாத்திவைத்துக்கொண்டு. மீதி எங்கே போகும்? கூரையில், சுவரில், மரத்தூள் பலகைக்குள்.

அடுப்புப் புகையை இழுக்கும் ஹூட் ஓடிக்கொண்டுதான் இருந்தது. ஆனால் அது வெளியே குழாய் இல்லாத வகை. கரி வடிகட்டி வழியாகக் காற்றை இழுத்து, அறைக்குள்ளேயே திருப்பி விடும். வாடையையும் எண்ணெய்ப் பிசுக்கையும் ஓரளவு பிடிக்கும், நீராவியை ஒரு சொட்டும் குறைக்காது. இப்போது ஜன்னலில் வெளிநோக்கி ஒரு எக்ஸாஸ்ட் ஃபேன் வைத்திருக்கிறோம். எதிர்ப்பக்கக் கதவையும் திறந்துவைக்க வேண்டும். உள்ளே வர வழியில்லாத காற்றை எந்த ஃபேனும் வெளியே தள்ளாது. காய்ச்சி முடித்த பிறகும் ஒரு மணிநேரம் ஓடவிடுகிறோம். அடுப்புக்கு மேலிருந்த அலமாரியின் அடிப்பலகையை மாற்ற வேண்டியதாயிற்று, வெட்டுவாய்களில் எல்லாம் சிலிக்கான் பூசி அடைத்தோம்.

அவ்வளவு கொதி தேவைதானா என்றும் பிற்பாடு யோசித்தோம். இன்றைய பெரிய ஆலைகள் 4 முதல் 6 சதவீதம் ஆவியாக்கியே முடித்துக்கொள்கின்றன. வீட்டில் 13 சதவீதம் வற்றவிடுவது அடுப்புக்கும் சுவருக்கும் வீண் சுமை. ஆகவே கொதி வந்து நுரை அடங்கியதும் தீயைக் கொஞ்சம் இறக்கி, மேற்பரப்பு முழுக்கப் புரளும் அளவுக்கு மட்டும் வைத்து, மணிக்கு 9, 10 சதவீதத்தில் நிறுத்துகிறோம். அந்த அளவுக்கு ஆரம்ப நீரையும் குறைத்துவிடுகிறோம். பாத்திரம் மட்டும் முழுக்கத் திறந்தே இருக்கும்.

அதே பில்ஸ்னர் மால்ட்டை எடுத்து, இரண்டு பாத்திரத்தில், 60-க்குப் பதில் 90 நிமிடம் காய்ச்சினோம். சோளவாடைக்கான மூலப்பொருளில் ஒரு மணிநேரத்தில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் மிஞ்சும், ஒன்றரை மணிநேரத்தில் ஐந்தில் ஒரு பங்குதான் மிஞ்சும் என்பதால் அந்தக் கூடுதல் அரைமணி. கொதி வந்த 10-வது நிமிடத்திலேயே புரதம் முட்டைக்கரு திரிந்தது போலக் கொத்துக் கொத்தாக மிதப்பதை இரண்டு பாத்திரத்திலும் பார்த்தோம். முதல் நாள் இதைத்தான் பார்த்திருக்க வேண்டும். மூன்று வாரம் கழித்து நண்பன் டம்ளரை ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்தான், அந்தப் பக்கம் நின்ற என் விரல்களை எண்ண முடிந்தது. மூக்கருகே கொண்டுபோய் நீண்ட நேரம் மோந்தான்.

“சோளம் இல்லடா,” என்றான்.

அதன்பிறகு ஐந்து முறை காய்ச்சியாகிவிட்டது. 36 செ.மீ. அண்டா இப்போது மால்ட் ஊறவைக்க மட்டும் பயன்படுகிறது, அடுப்பில் ஏறுவதில்லை. மரக்கரண்டியின் காம்பில் இரண்டு பாத்திரங்களுக்கும் தனித்தனியாக வெட்டுக்குறி போட்டிருக்கிறோம், ஒரு பக்கம் 14 லிட்டர், 12 லிட்டர், மறுபக்கம் 8, 7. கரண்டியை நட்டுப் பார்த்து, குறிக்கு நீர் இறங்கியதும் அடுப்பை அணைக்கிறோம்.